மார்பிலே பதக்கம்! வாயிலே பூட்டு!



“படைப்பாளியை வாழ வைப்பது பாராட்டா, பாதுகாப்பா?” இதுதான் இன்றைய தலைப்பு. பாதுகாப்பே என்று பேச வந்திருக்கிறேன். பாதுகாப்பு என்றால் வாசலில் நிற்கிற காவல்காரர் இல்லீங்க. பசிக்குச் சோறு, தலைக்கு மேலே ஒரு கூரை, மனசுல பட்டதை எழுத விடுகிற சுதந்திரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? “ஜெர்மனியைப் பாருங்கள்! அங்கே இருந்த குட்டிக் குட்டி டியூக்குகள்கூடக் கலைக்கும் அறிவியலுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே ஷில்லர் என்ற கவிஞர் பிறந்தார், காஸ் என்ற கணித மேதை பிறந்தார்” என்றார்கள். அருமையாகப் பேசினார்கள். நான்கூடக் கை தட்டினேன். ஆனால் ஒன்று சொல்றேன் சகோதரி, கோவிச்சுக்காதீங்க. பதக்கம் கொடுத்ததால் யாரும் பிறக்கிறதில்லை. அவங்கபாட்டுக்குப் பிறந்துடுறாங்க. பிறந்த பிறகுதான் சங்கடமே ஆரம்பிக்குது! (சிரிப்பு)

ஜெர்மனிக்குக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். திறந்த கதவு வழியாக நான் உள்ளே போகிறேன். அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வந்து விடுவோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. முன்னூறுக்கும் மேற்பட்ட ஆட்சிகள். ஒரு பக்கம் பெரிய ராஜா, இன்னொரு பக்கம் பிஷப், நடுவிலே டியூக். டியூக் என்றால் நம்ம வழக்கத்தில் குறுநில மன்னர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1871-இல் எல்லாம் சேர்ந்து ஜெர்மன் பேரரசு ஆன பிறகுகூட அதற்குள்ளே 25 உறுப்பு நாடுகள் இருந்தன. அவற்றில் டியூக் ஆண்டவை ஐந்து: பிரன்ஸ்விக், அன்ஹால்ட், சாக்ஸ்-மைனிங்கன், சாக்ஸ்-ஆல்டன்பர்க், சாக்ஸ்-கோபர்க்-கோத்தா.

நாடு சின்னது. படை சின்னது. பக்கத்து டியூக்கைவிட நான் பெரியவன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே, என்ன செய்வது? ஒருத்தர் நாடக அரங்கம் கட்டினார். ஒருத்தர் வானாய்வுக் கூடம் கட்டினார். இன்னொருத்தர் இசைக்குழு வைத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலைக்கும் அறிவியலுக்கும் என்றே தனிப் பதக்கங்களும் சிலுவைச் சின்னங்களும் வந்தன. தங்கம் ஒரு தரம், வெள்ளி ஒரு தரம். அழகான பட்டு நாடாவிலே கோர்த்து மார்பிலே குத்திக்கொள்வார்கள்.

அந்தப் பதக்கத்தைக் கையிலே வாங்கிப் பாருங்கள். பாட்டுப் பாடினவர் ஒருத்தர், படம் வரைந்தவர் ஒருத்தர், ஆராய்ச்சி செய்தவர் ஒருத்தர். ஆனால் பெரும்பாலான பதக்கங்களில் யார் முகம் இருந்தது தெரியுமா? டியூக் முகம்! பாட்டுக்காரர் மார்பிலே டியூக் முகம். விஞ்ஞானி மார்பிலே டியூக் முகம். மொய்க்கவர் மேல மாப்பிள்ளை பேரை எழுதாம நம்ம பேரையே கொட்டை எழுத்துல எழுதிக் கொடுக்கிற மாதிரி! (சிரிப்பு)

சிரிக்கிறதுக்காகச் சொல்லலைங்க. பதக்கம் வாங்கினவனுக்குப் பெருமையா, கொடுத்தவனுக்குப் பெருமையா என்ற கேள்வி அந்த உலோகத்திலேயே அடிக்கப்பட்டிருந்தது.

இப்போது ஒரு காட்சி சொல்கிறேன். 1779-ஆம் ஆண்டு, டிசம்பர் 14-ஆம் நாள். ஸ்டுட்கார்ட் நகரம். வூர்ட்டம்பர்க் நாட்டு டியூக் கார்ல் ஆய்கன் நடத்திய பள்ளியிலே ஆண்டு விழா, பரிசளிப்பு. மேடையிலே டியூக் நிற்கிறார். பக்கத்திலே இரண்டு விருந்தாளிகள். ஒருவர் வைமர் நாட்டு இளம் டியூக் கார்ல் ஆகஸ்ட், வயது 22. இன்னொருவர் அவருடைய நண்பர், அப்போதே ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிவிட்ட கவிஞர் கதே, வயது 30.

பரிசு வாங்க ஒரு மாணவன் வருகிறான். இருபது வயது. ஒல்லியான, உயரமான பையன். மருத்துவப் பாடங்களில் மூன்று பரிசு, மூன்று பதக்கம். பதக்கம் வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும். எப்படி? பிரபு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் டியூக்கின் கையை முத்தமிடலாம். சாதாரண வீட்டுப் பிள்ளை கையைத் தொடக்கூடாது. குனிந்து டியூக்கின் அங்கியின் ஓரத்தை முத்தமிட வேண்டும். அந்தப் பையன் குனிந்தான். முத்தமிட்டான்.

அந்தப் பையன்தான் ஃபிரெடரிக் ஷில்லர். பிற்காலத்தில் ஜெர்மன் மொழியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஷில்லர்.

எதிரணி நண்பர்கள் உடனே கேட்பார்கள்: “பார்த்தீர்களா, டியூக் பதக்கம் கொடுத்து ஷில்லரை வளர்த்திருக்கிறாரே!” பொறுங்கள் ஐயா, கதை இனிமேல்தான்.

ஷில்லருடைய அப்பா அதே டியூக்கிடம் படை அதிகாரி. பையனுக்குச் சமயக் கல்வி படித்துப் போதகர் ஆக ஆசை. கெட்டிக்காரப் பையன் என்று டியூக் காதுக்குச் செய்தி போனது. “என் பள்ளிக்கு அனுப்பு” என்றார். அங்கே சமயக் கல்வியே கிடையாது. மறுத்தால் அப்பா வேலை என்ன ஆகும்? 1773-இல் 13 வயதுப் பையன் உள்ளே போனான். முதலில் சட்டம் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் மருத்துவத்துக்கு மாற்றினார்கள். “இவன் காலமெல்லாம் டியூக் குடும்பத்துக்கே ஊழியம் செய்வான்” என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளை ஒன்று படிக்க ஆசைப்பட, பெரியவர்கள் வேறொன்றில் தள்ளிவிடுகிற கதை நம்ம வீடுகளில் மட்டும்தான் நடக்குது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! (கைதட்டல்)

அந்தப் பள்ளியிலே விடுமுறை கிடையாது. வீட்டுக்குப் போக அனுமதி கிடையாது. கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள். சீருடை, அணிவகுப்பு, மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். இத்தனைக்கும் மேலே, மாணவர்கள் எல்லாம் தன்னை அப்பாவாக நினைக்க வேண்டும் என்பது டியூக்கின் எதிர்பார்ப்பு!

இந்தக் கட்டுக்காவலுக்குள்ளேதான் ஷில்லர் திருட்டுத்தனமாக ஒரு நாடகம் எழுதினார். நோயாளி அறையில் மட்டும் இரவிலே விளக்கு எரியும் என்பதால், உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டு எழுதினார் என்பார்கள். நாடகத்தின் பெயர் ‘கொள்ளையர்’. படிப்பு முடிந்து வெளியே வந்ததும் படைப்பிரிவு மருத்துவர் வேலை கொடுத்தார்கள். மாதச் சம்பளம் 18 குல்டன். மூன்று பதக்கம் வாங்கிய மாணவனுக்கு அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தில் கடன் வாங்கி, சொந்தச் செலவில், பெயர் போடாமல் 1781-இல் அந்த நாடகத்தை அச்சடித்தார்.

1782 ஜனவரி 13. பக்கத்து நாட்டு மன்ஹைம் நகரத்திலே ‘கொள்ளையர்’ மேடையேறுகிறது. எழுதியவனுக்கு லீவு கிடையாது. அனுமதி கேட்காமலே எல்லை தாண்டிப் போய், தன் நாடகத்தைத் தானே பார்த்தார் ஷில்லர். அரங்கமே கொந்தளித்தது. சில மாதங்களில் இரண்டாவது முறையும் போனார். இந்த முறை செய்தி டியூக் காதுக்குப் போய்விட்டது.

பதக்கம் கொடுத்த கை என்ன செய்தது? 14 நாள் காவலில் வைத்தது. பிறகு ஒரு கட்டளையும் வந்தது: மருத்துவம் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது!

நடுவர் அவர்களே, நாக்கை வெட்டிவிட்டு நெற்றியிலே பொட்டு வைப்பதற்குப் பெயர் பாராட்டா?

என்ன செய்வது என்று ஷில்லர் யோசித்தார். 1782 செப்டம்பர் 22, இரவு. ரஷ்ய இளவரசர் விருந்தாளியாக வந்திருக்கிறார் என்று குன்றின் மேலே இருந்த ‘சாலிட்யூட்’ அரண்மனையிலே பெரிய விழா. ஊரே அங்கே வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது. அந்த இரவிலே ஷில்லரும் அவருடைய நண்பர், இசைக்கலைஞர் ஸ்ட்ரைக்கரும் ஒரு வண்டியில் ஏறி, டாக்டர் ரிட்டர், டாக்டர் வுல்ஃப் என்று பொய்ப் பெயர் சொல்லி, நகர வாயிலைத் தாண்டிப் போனார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும். அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஏன்? நாளைக்கு டியூக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, “எனக்குத் தெரியாது” என்று அந்தப் படை அதிகாரி சத்தியம் செய்ய வேண்டுமே! அந்தச் சத்தியம் பொய்யாகிவிடக் கூடாதே!

வண்டி போகிறது. தூரத்திலே அரண்மனை பளபளவென்று ஒளி வீசுகிறது. அந்த அரண்மனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அப்போது ஷில்லருடைய அப்பாவுக்கு வேலை, குடியிருப்பும் அங்கேயேதான். அந்த வெளிச்சத்திலே, “அதோ, எங்க அப்பா அம்மா இருக்கிற இடம்” என்று நண்பனுக்குக் கை நீட்டிக் காட்டினார் ஷில்லர். இதை அந்த நண்பரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து பெற்றவர்களைப் பார்த்தது 1793-இல். இடையிலே 11 ஆண்டுகள் ஓடிவிட்டன.

“ஏதோ ஒரு பையனிடம் கோபம், டியூக் மற்றபடி நல்லவர்தான்” என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அதே நாட்டிலே ஷூபார்ட் என்று ஒரு கவிஞர், பத்திரிகையாளர். இசையமைப்பாளர் ஷூபர்ட் வேறு, இவர் வேறு. டியூக்கைப் பற்றிக் கிண்டலாக எழுதினார், பேசினார். அவர் வெளியூரிலே இருந்தார். 1777-இல் தந்திரமாக எல்லைக்குள் வரவழைத்துப் பிடித்தார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. ஹோகனாஸ்பெர்க் கோட்டையிலே பத்து ஆண்டுகள்! எழுதினவனுக்கு ஜெயில், மருத்துவம் படித்தவனுக்கு மெடல். இரண்டையும் கொடுத்தது ஒரே கை.

அந்தக் கை இன்னொன்றும் செய்தது. ஷூபார்ட்டை விடுதலை செய்த அதே 1787-இல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காசுக்காக ஏறத்தாழ 2,000 வீரர்களைக் கொண்ட ஒரு படையையே அனுப்பி வைத்தார் டியூக். தென்னாப்பிரிக்க முனைக்குப் போனது அந்தப் படை. அங்கிருந்து ஒரு பகுதி நமக்குப் பக்கத்திலே இலங்கைக்குக்கூட வந்தது. போனவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பவில்லை. ஷில்லர் 1784-இல் மேடையேற்றிய ‘சூழ்ச்சியும் காதலும்’ நாடகத்தில், குடிமக்களின் பிள்ளைகளைப் படைக்கு விற்று நகை வாங்குகிற ஓர் ஆட்சியாளரைப் பற்றி ஒரு கிழட்டு வேலைக்காரன் பேசுகிற காட்சி வரும். பதக்கம் வாங்கிய பையன் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

சரி. தப்பித்து ஓடிய கவிஞன் என்ன ஆனான்? கடன். ஊர் ஊராக அலைச்சல். உடம்பு நலிவு. 1789-இல் யேனா பல்கலைக்கழகத்திலே வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். முதல் நாள் பேச்சைக் கேட்க வந்த மாணவர் கூட்டத்துக்கு அறை போதவில்லை. பெரிய மண்டபத்தில் இடம் பிடிக்க எல்லோரும் தெருவிலே ஓடினார்கள். பேராசிரியர் பதவி, ஆனால் சம்பளம் கிடையாது! என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அடுத்த ஆண்டு கல்யாணம் ஆனபோதுதான் வைமர் டியூக் கார்ல் ஆகஸ்ட் ஆண்டுக்கு 200 தாலர் தர ஒத்துக்கொண்டார். அதே கார்ல் ஆகஸ்ட்தான், அன்றைக்கு ஸ்டுட்கார்ட் மேடையிலே நின்றவர்.

1791-இல் ஷில்லருக்கு நுரையீரல் நோய். சாவின் விளிம்பு வரை போனார். “ஷில்லர் இறந்துவிட்டார்” என்றே செய்தி பரவி டென்மார்க் வரை போய்விட்டது. அங்கே பாகெசன் என்ற கவிஞரும் நண்பர்களும் கடற்கரை ஊர் ஒன்றிலே கூடி, ஷில்லருடைய மகிழ்ச்சிப் பாடலைப் பாடிக் கொண்டாடத் திட்டமிட்டிருந்தார்கள். செய்தி கேட்டதும் கொண்டாட்டம் இரங்கல் கூட்டம் ஆகிவிட்டது. அழுது தீர்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது: “ஆள் உயிரோடு இருக்கிறார். ஆனால் நோயிலும் கடனிலும் கிடக்கிறார்.”

இந்த இடத்திலே யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? “நீடூழி வாழ்க” என்று ஒரு வாழ்த்துமடல் அனுப்பியிருப்பார்கள். ஒரு பொன்னாடை போட்டிருப்பார்கள். ஆனால் அகஸ்டன்பர்க் டியூக் குடும்பத்து இளவரசர் ஃபிரெடரிக் கிறிஸ்டியன் அப்படிச் செய்யவில்லை. பின்னாளில் டியூக் ஆனவர் அவர். அப்போது வயது 26. டென்மார்க் அமைச்சர் ஷிம்மல்மன் பிரபுவுடன் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 1,000 தாலர். மூன்று ஆண்டுகளுக்கு. எங்கே இருக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

வைமரில் கிடைத்தது 200. இது 1,000! ஷில்லர் கடனை அடைத்தார். கான்ட் என்ற தத்துவ ஞானியின் நூல்களை நிதானமாக உட்கார்ந்து படித்தார். தனக்கு உதவிய அந்த இளவரசருக்கு நன்றியாக அழகியல் கல்வியைப் பற்றித் தொடர் கடிதங்கள் எழுதினார். 1794-இல் கோப்பன்ஹேகன் அரண்மனையில் தீப்பிடித்து அந்தக் கடிதங்கள் எரிந்து போயின. ஷில்லர் சலிக்காமல் மறுபடி எழுதி, 1795-இல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகப் பல்கலைக்கழகங்களில் அதைப் படிக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, கணக்குப் பாருங்கள். ஒரு டியூக் பதக்கம் கொடுத்தார். ஷில்லர் ராவோடு ராவாக ஊரை விட்டு ஓடினார். இன்னொரு டியூக் குடும்பம் சோறும் சுதந்திரமும் கொடுத்தது. உலகத்துக்கே ஒரு நூல் கிடைத்தது. (கைதட்டல்)

பட்டம் என்று சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1792-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு ஷில்லருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. வாஷிங்டனுக்குக் கொடுத்த அதே பட்டியல். ஆனால் ஆணையிலே பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். ஷில்லர் என்பது “கீல்” போல ஏதோ ஒன்று ஆகிவிட்டது! அந்தத் தாள் அவர் கைக்கு வந்து சேர்ந்தது 1798-இல். அதற்குள் அதிலே கையெழுத்துப் போட்ட தாந்தன் தலையே கில்லட்டினில் போய்விட்டது. பாராட்டை நம்பி அடுப்புப் பற்றவைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் இரண்டே செய்தி ஐயா.

காஸ் என்ற கணித மேதையின் பெயரைச் சகோதரி சொன்னாங்களே, அவருக்கு வருகிறேன். 1777-இல் பிரன்ஸ்விக் நகரத்திலே பிறந்தவர். அப்பா கூலி வேலை, தோட்ட வேலை, கிடைத்த வேலை எல்லாம் செய்தவர். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. 14 வயதிலே பையனை அழைத்துக்கொண்டு போய் டியூக் கார்ல் வில்ஹெல்ம் ஃபெர்டினாண்ட் முன்னால் நிறுத்தினார்கள். டியூக் படைத்தளபதி. அந்த வீட்டுக்கும் படை வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசு பார்த்த வரலாறு உண்டு. அவரை ஒன்றும் மகாத்மா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் அவர் செய்தது தனி.

பள்ளிச் செலவை ஏற்றுக்கொண்டார். 1792-இல் கல்லூரிக்கு அனுப்பினார். 1795-இல் பையன் “கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறேன்” என்றான். கோட்டிங்கன் எங்கே இருக்கிறது? அடுத்த நாட்டிலே, ஹானோவரில்! கார்ல் ஆய்கனாக இருந்தால் என்ன செய்திருப்பார்? எல்லை தாண்டினாயா, 14 நாள் காவல் என்றிருப்பார். இவர் எல்லை தாண்டிப் போகவும் பணம் கொடுத்தார். 1801-இல் காஸ் எழுதிய ‘எண்கணித ஆய்வுகள்’ என்ற நூல் வெளிவந்தது. அதற்கும் டியூக்தான் கை கொடுத்தார். இளைஞனுக்கு வயது 24. எண்களைப் பற்றிய கணிதத்தையே புதிதாகக் கட்டி எழுப்பிய நூல் அது. அந்த ஆண்டிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் போன சீரிஸ் என்ற சிறுகோள் வானத்தில் எங்கே இருக்கும் என்று காஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். சொன்ன இடத்துக்கு அருகிலேயே அது அகப்பட்டது. அதைத் தொலைநோக்கியில் பிடித்த சாக் என்பவர், கோத்தா டியூக் கட்டிய வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஒரு டியூக் சோறு போட்டார், இன்னொரு டியூக் கூடம் கட்டினார், தொலைந்த கோள் கிடைத்தது!

1806 அக்டோபர் 14. நெப்போலியன் படையோடு அவர்ஷ்டெட் போர்க்களம். எழுபது வயதைத் தாண்டிய டியூக் முகத்திலே குண்டு பாய்ந்து பார்வை போனது. அடுத்த மாதம் நவம்பர் 10-ஆம் நாள் இறந்துபோனார். நெல்லை விதைத்தவர் களத்து மேட்டிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு காஸ் பிழைப்புக்காகக் கோட்டிங்கன் போய்விட்டார்.

காஸுக்குப் பதக்கமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நிறையக் கிடைத்தது. எல்லாவற்றிலும் புகழ்பெற்ற பதக்கம் ஒன்று உண்டு. ஹானோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அடிக்கச் சொன்னது. அதில் காஸ் முகம் இருக்கிறது. “கணிதவியலாளர்களின் இளவரசருக்கு” என்ற லத்தீன் வாசகம் இருக்கிறது. இன்றைக்கும் உலகம் காஸை அப்படித்தான் அழைக்கிறது. எப்போது அடிக்கச் சொன்னார்? 1855-இல் காஸ் கண்ணை மூடின பிறகு! உயிரோடு இருந்த பிள்ளைக்கு டியூக் கொடுத்தது காசு. செத்த பிறகு மன்னர் கொடுத்தது பதக்கம். எது அவரை வாழ வைத்தது?

நியாயமாகப் பேச வேண்டும். பதக்கம் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. மைனிங்கன் நாட்டு டியூக் இரண்டாம் கியார்க் 1866 முதல் 1914 வரை ஆண்டவர். அவரும் கலைக்கென்று பதக்கம் கொடுத்தவர்தான். ஆனால் அதற்கு முன்னால் என்ன கொடுத்தார் பாருங்கள். ஒரு நாடகக் குழுவை வைத்து, தானே காட்சிப் படங்கள் வரைந்து, ஆடை அணிகளைத் தேர்ந்தெடுத்து, 1874 முதல் 1890 வரை ஐரோப்பா முழுக்க அனுப்பினார். 2,500-க்கும் மேற்பட்ட காட்சிகள்! ஓர் இசைக்குழுவை வளர்த்து, அதைப் பிராம்ஸ் என்ற இசைமேதை தன் புதிய படைப்புகளை வாசித்துப் பார்த்துக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். 1885 அக்டோபர் 25-ஆம் நாள் பிராம்ஸின் நான்காவது சிம்ஃபனி முதன்முதலாக ஒலித்தது பெர்லினில் இல்லை, வியன்னாவில் இல்லை. மைனிங்கன் என்ற அந்தச் சின்ன ஊரில்! நடத்தியவர் பிராம்ஸே. முதலில் இலை போட்டுச் சோறு பரிமாறினார். அப்புறம் வெற்றிலை பாக்கு வைத்தார். பதக்கம் என்பது அந்த வெற்றிலை பாக்குதான் ஐயா. சாப்பாடு போடாத வீட்டிலே வெற்றிலைத் தட்டை மட்டும் நீட்டினால் விருந்தாளி என்ன நினைப்பான்?

இந்தப் பதக்கங்கள் எல்லாம் என்ன ஆயின? 1918 நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்தபோது, சில நாட்களுக்குள் டியூக்குகள் வரிசையாக முடி துறந்தார்கள். 1919-இல் புதிய ஜெர்மன் குடியரசு அரசியல் சட்டம் எழுதியது. அதன் 109-ஆம் பிரிவு, அரசு இனிமேல் பதக்கமோ விருதுச் சின்னமோ கொடுக்கக்கூடாது என்றே சொல்லிவிட்டது! அந்தச் சட்டத்தை எழுதியது எந்த ஊரில் தெரியுமா? ஷில்லரும் கதேயும் வாழ்ந்த வைமரில். சட்டமன்றம் கூடிய இடம் நாடக அரங்கம். வாசலிலே கதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கிற சிலை! பின்னால் வந்தவர்கள் அந்த விதியை மாற்றினார்கள், அது வேறு கதை. ஆனால் டியூக் முகம் அடித்த பதக்கங்கள் அன்றோடு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. ஷில்லர் நாடகம் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை.

கடைசியாக ஒன்று. இது வரலாறு இல்லை, என் சொந்தக் கதை. கல்லூரியில் படிக்கும்போது பேச்சுப் போட்டி ஒன்றில் எனக்கு முதல் பரிசு. வெள்ளிப் பதக்கம் என்று கழுத்திலே போட்டார்கள். வீட்டிலே ஒரே கொண்டாட்டம். இரண்டு மாதத்தில் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். கையிலே காசில்லை. அம்மா அந்தப் பதக்கத்தை முந்தானையிலே முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் போனாங்க. கடைக்காரர் உரசிப் பார்த்தார். “முலாம்தாம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. பதக்கத்தைத் துடைத்து மறுபடியும் ஆணியிலே மாட்டினாங்க.

கடைசி நாள் அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சலாம் என்று போனேன். “உனக்குக் கட்டியாச்சே” என்றார்கள். கட்டியவர் என் தமிழாசிரியர். எனக்குச் சொல்லவும் இல்லை, கேட்டதற்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை. “போய்ப் படிடா” என்றார், அவ்வளவுதான். அவர் எனக்கு எந்த மேடையிலும் மாலை போட்டதில்லை. ஆனால் அவர் கட்டிய அந்தப் பணம்தான் இன்றைக்கு இந்த ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசுகிறது.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படம் வரையும். ஒரு பிள்ளை பாடும். ஒன்று எண்களோடு பேசிக்கொண்டிருக்கும். கோப்பை வாங்கிக்கொண்டு வந்தால் அலமாரியிலே வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு அந்தப் பிள்ளை பக்கத்திலே உட்கார்ந்து, “உனக்கு என்னப்பா வேணும்? எதைப் படிக்க ஆசை?” என்று கேளுங்கள். கார்ல் ஆய்கன் ஒரு தடவை அப்படிக் கேட்டிருந்தால், ஷில்லர் தன் வீட்டைத் தூரத்திலிருந்து கை காட்டிவிட்டுப் போயிருக்க மாட்டார்.

ஆகவே நடுவர் அவர்களே, படைப்பாளியை வாழ வைப்பது பாதுகாப்பே, பாதுகாப்பே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)